இறங்கிய ஆயில்: ஒரு பந்தயக் காரின் டிரை சம்ப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு சிறிய பட்டறையில் நடந்தது இது. நாங்கள் மொத்தம் நான்கு பேர். இன்ஜின் வேலை என் பொறுப்பு. ஃபேப்ரிகேஷனுக்கு ஒருவர், வயரிங்குக்கு ஒருவர், இருபது வயதுகூட ஆகாத ஒரு ஹெல்ப்பர். பந்தயக் கார் எங்கள் அன்றாடத் தொழில் அல்ல. ஆண்டுக்கு ஒன்றிரண்டு கார் வரும், மற்ற நாளெல்லாம் சாதாரண இன்ஜின் ரிப்பேர்தான்.

கடலூரைச் சேர்ந்த ஒருவர் தன் டூரிங் காரைக் கொண்டுவந்தார். முன்பக்கம் குறுக்காகப் பொருத்திய 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின். வேறொரு குழுவிடமிருந்து பழைய காராக வாங்கியது. டிரை சம்ப் வசதி அதில் ஏற்கெனவே போட்டிருந்தார்கள். ஓட்டுவது அவருடைய அண்ணன் மகன்.

டிரை சம்ப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண காரில் ஆயில் இன்ஜினுக்கு அடியில் இருக்கும் சம்ப் என்ற தட்டிலேயே கிடக்கும். வேகமாக வளைவில் திரும்பினால் அது ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் அந்த நேரத்தில் காற்றை உறிஞ்சினால், சுற்றும் பாகங்களைத் தாங்கும் பேரிங் ஆயில் இல்லாமல் போய்விடும். டிரை சம்ப்பில் ஆயில் தனி டேங்கில் இருக்கும். ஒரு பம்ப் டேங்கிலிருந்து ஆயிலை எடுத்து அழுத்தத்தோடு இன்ஜினுக்கு அனுப்பும். இன்னும் ஒன்றோ பலவோ, சம்ப்பில் விழும் ஆயிலை உடனுக்குடன் உறிஞ்சி டேங்குக்கே திருப்பி அனுப்பும். இவற்றை ஸ்கேவெஞ்ச் பம்ப் என்போம். எங்கள் காரில் ஒரே ஷாஃப்ட்டில் மூன்று அடுக்கு இருந்தது. ஒன்று அழுத்தத்துக்கு, இரண்டு ஸ்கேவெஞ்சுக்கு. பல்பெல்ட் வழியாக, இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றும்.

டேங்க் இடப்பக்க இருக்கை இருந்த இடத்தில், ஓட்டுநரிடமிருந்து மறைத்த அலுமினியப் பெட்டிக்குள் நின்றது. 15 செ.மீ. உள்விட்டம், 45 செ.மீ. உயரம், உருளை வடிவம். ஒரு லிட்டர் ஊற்றினால் மட்டம் ஏறக்குறைய 5.7 செ.மீ. ஏறும். முந்தைய குழு உள்ளே 28 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தது. அந்த மட்டத்தில் டேங்கில் 5 லிட்டர் இருக்கும். மொத்த அமைப்பிலும் சேர்த்து 7.5 லிட்டர். டேங்கின் அடிப்பாகம் பம்ப்பைவிட 25 செ.மீ. மேலே இருந்தது. அந்த 25 செ.மீ.தான் இந்தக் கதைக்கே காரணம், ஆனால் எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

முதல் அறிகுறிகள்

கார் எங்களிடம் வந்த முதல் இரண்டு மாதத்தில் மூன்று விஷயங்களைப் பார்த்தோம். மூன்றையும் தனித்தனியாகவே பார்த்தோம், அதுதான் தவறு.

ஒன்று, இரவெல்லாம் நின்ற இன்ஜினைக் காலையில் கிளப்பினால் அரை நிமிடத்துக்குக் கனத்த நீலப் புகை வரும், அப்புறம் தெளிந்துவிடும். வால்வ் வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் சீல் போயிருக்கும் என்று நினைத்து ஹெட்டை இறக்கி எட்டு இன்டேக் சீலையும் மாற்றினோம். புகை குறையவே இல்லை.

இரண்டாவது, டேங்கின் மூச்சுக்குழாய் போய்ச் சேரும் 2 லிட்டர் கேட்ச் கேனில் ஆயில் தேங்கிக்கொண்டே இருந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்து கேஸ் கசிகிறதோ என்று கம்ப்ரெஷன் பார்த்தோம். நான்கு சிலிண்டரும் சரியாக இருந்தன.

மூன்றாவது, சூடான இன்ஜின் ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, காட்டும் ஆயில் அழுத்தம். வந்தபோது 2 பார் இருந்தது மெல்ல 1.2 பாருக்கு இறங்கியிருந்தது. உயர் ஆர்.பி.எம்.மில் 4.5 பார் வந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த நிலையில்தான் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குக் கிளம்பினோம்.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பட்டறையில் இன்ஜினைச் சூடாக்கிப் பார்த்து நிறுத்தினோம். காரை ட்ரெய்லரில் ஏற்றி, திண்டிவனம், செங்கல்பட்டு, ஒரகடம் வழியாக இரவோடு இரவாகப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் மறுபடி கிளப்ப வேண்டியிருந்தது. இடையில் 15 மணி நேரம்.

நான் கார் பரிசோதனை வரிசையில் தாள்களோடு நின்றிருந்தேன். ஹெல்ப்பர் ஓடிவந்து, "அண்ணா, டேங்குல ஆயில் ரொம்பக் கம்மியா இருக்கு. கோட்டுக்கு ரொம்பக் கீழ. ஊத்தட்டுமா?" என்று கேட்டான். நான் போய்ப் பார்க்கவில்லை. "கோடு வரைக்கும் ஊத்துடா" என்றேன். அவன் சொன்னதைச் செய்தான். ஆனால் கையில் இருந்தது இரண்டரை லிட்டர்தான். கோட்டுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது என்று பின்னால் சொன்னான்.

இன்ஜின் கிளம்பியதும் வழக்கமான புகை, இந்தமுறை இன்னும் அதிகமாக. பயிற்சி ஓட்டத்துக்கு கார் வெளியே போனது. 3.7 கி.மீ. நீளத் தடத்தில் மூன்றாவது சுற்றில், கருப்பில் ஆரஞ்சு வட்டம் போட்ட கொடியை எங்கள் எண்ணோடு காட்டினார்கள். காரில் கோளாறு, உடனே உள்ளே வா என்பது அந்தக் கொடியின் பொருள். கார் பிட்டுக்கு வந்தபோது கேட்ச் கேன் வழிந்து, பின்பக்க இடது டயர் வரை ஆயில் தெறித்திருந்தது. தடத்தில் மார்ஷல்கள் சிமென்ட் தூள் தூவிக்கொண்டிருந்தார்கள்.

இதை எழுதும்போதும் எனக்கு வருத்தமாக இருப்பது அந்த இடம்தான். எங்கள் இன்ஜின் போனால் அது எங்கள் காசு. தடத்தில் சிந்திய ஆயில் பின்னால் வரும் இன்னொருவனின் உயிர்.

அப்புறம் செய்தது இன்னொரு தவறு. கேட்ச் கேனில் இருந்ததை அளந்தோம். 2 லிட்டர் நிறைந்திருந்தது. காலையில் ஊற்றியது இரண்டரை, வெளியே வந்தது இரண்டு, கேனைத் தாண்டிப் போனது கொஞ்சம், ஆகக் கணக்குக் கிட்டத்தட்ட நேர் என்று முடிவு செய்தோம். கேன் நிறைந்த பிறகு எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. டேங்கைப் பார்க்கலாம் என்றால், கார் நின்ற ஒரு மணி நேரத்தில் மட்டம் மறுபடி இறங்கியிருந்தது. எது இறங்கியது, எது சிந்தியது என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் வழியே இல்லை.

மதியம் தகுதிச் சுற்று. நீண்ட வலது வளைவில் அழுத்தம் 4.5 பாரிலிருந்து 1.5 பாருக்கு விழுந்ததை ஓட்டுநர் பார்த்துவிட்டார். எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, மெதுவாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். அந்த ஒரு நிதானம் ஒரு கிராங்கைக் காப்பாற்றியது. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் நாங்கள் ஓடவில்லை.

பட்டறைக்கு வந்து சம்ப்பைக் கழற்றினோம். இரண்டாவது சிலிண்டர் கனெக்டிங் ராட் பேரிங்கின் மேல் பூச்சு வழித்தெடுத்ததுபோல் போய், உள்ளே செம்பு நிறம் தெரிந்தது. அந்தப் பேரிங் உட்காரும் கிராங்க் ஜர்னலில் கீறல் இல்லை. நான்கு ஜோடி பேரிங்கும் மாற்றினோம்.

பழைய புல்லட்டிலிருந்து வந்த வார்த்தை

பேரிங் போட்டுக்கொண்டிருந்த அன்று, முத்தியால்பேட்டையில் நாற்பது ஆண்டாக புல்லட் மட்டுமே பார்க்கும் பெரியவர் ஒருவர் லேத் வேலைக்காகப் பட்டறைக்கு வந்திருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "தம்பி, உங்க ஆயில் எங்கயும் போகல. ராத்திரி கீழ எறங்கிடுது. காலைல கிளப்பினா பொக பொகயா வருமே?" என்றார்.

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டிலும் ஆயில் கிராங்க் அறைக்கு வெளியே, அதே கேஸிங்கில் வார்த்த தனி அறையில்தான் இருக்கும். ஒரு பம்ப் அனுப்பும், ஒரு பம்ப் திருப்பி எடுக்கும். பம்ப்பின் உட்காரும் பரப்பு தேய்ந்தால், வண்டி நிற்கும் நாட்களில் ஆயில் அதன் வழியே மெல்லக் கசிந்து கிராங்க் அறையில் தேங்கும். ஒரு வாரம் நிறுத்திய புல்லட்டைக் கிளப்பினால் வரும் புகையும், மூச்சுக்குழாயில் துப்பும் ஆயிலும் இதனால்தான். புல்லட் ஓட்டிய எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். பந்தயக் காரில் அதையே பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை.

அவர் சொன்னதைச் சோதிப்பது எளிது. இன்ஜினைச் சேர்த்து, அளந்து 7.5 லிட்டர் ஊற்றி, ஆயில் 95 டிகிரி வரும்வரை ஓட்டி, ஐட்லிங்கில் மட்டம் 28 செ.மீ. இருப்பதை உறுதி செய்து நிறுத்தினோம். அன்று இரவு ஹெல்ப்பர் பட்டறையிலேயே தங்கினான். எஃகு ஸ்கேலை டேங்குக்குள் விட்டு அவன் குறித்தது இது:

நிறுத்தியதும் 28 செ.மீ.
15 நிமிடத்தில் 25
1 மணி நேரத்தில் 19
3 மணி நேரத்தில் 14.5
12 மணி நேரத்தில் 9

காலையில் சம்ப்பின் வடிகால் போல்ட்டைக் கழற்றி, கீழே அளவுக் குடுவையை வைத்தோம். டேங்கில் குறைந்தது 19 செ.மீ., அதாவது 3.3 லிட்டருக்குச் சற்று மேல். சம்ப்பில் கிடைத்தது 3.1 லிட்டர். மீதி சுவரிலும் குழாயிலும் ஒட்டியிருக்கும். ஆயில் குறையவில்லை, இடம் மாறியிருந்தது.

அந்தக் குடுவையைப் பார்த்ததும் மூன்று அறிகுறியும் ஒன்றாகச் சேர்ந்தன. டிரை சம்ப்பின் தட்டு ஆழமில்லாதது. மூன்று லிட்டர் அதில் நின்றால் கிராங்கின் எடைக்கட்டிகள் ஆயிலுக்குள்ளேயே சுற்றும். வாரி அடித்த ஆயில் ரிங்கைத் தாண்டி மேலே போய்ப் புகையாகிறது. ஸ்கேவெஞ்ச் பம்ப் அதை உறிஞ்சித் தீர்க்கும்வரை புகை இருக்கும், தீர்ந்ததும் தெளியும். சனிக்கிழமை காலை ஹெல்ப்பர் பார்த்த தாழ்ந்த மட்டம் பொய்யில்லை, ஆனால் மீதி ஆயில் சம்ப்பில் இருந்தது. அதன்மேல் இரண்டரை லிட்டர் ஊற்றியதால், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் டேங்கின் மட்டம் 42 செ.மீ.க்குப் போயிருக்கும். 45 செ.மீ. டேங்கில் நுரை அடங்க இடமே இல்லை. மூச்சுக்குழாய் வழியாக வெளியேறுவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. கேட்ச் கேனில் தேங்கிக்கொண்டே இருந்ததும் இதனால்தான். ஒவ்வொரு காலையும் கொஞ்சம் கொஞ்சமாக நாங்கள்தான் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தோம்.

எந்த வழியாக இறங்குகிறது

டேங்கிலிருந்து சம்ப்புக்கு இன்ஜின் நின்றபின் ஆயில் வர மூன்று வழி உண்டு. ஒவ்வொன்றையும் தனியாக அடைத்துப் பார்த்தோம்.

முதல் வழி, திரும்பும் குழாய். டேங்குக்குள் அதன் வாய் ஆயிலுக்கு அடியில் இருந்தால், சைஃபன் போல ஸ்கேவெஞ்ச் பம்ப் வழியாகப் பின்னோக்கி இறங்கலாம். டார்ச் அடித்துப் பார்த்தோம். வாய் 38 செ.மீ. உயரத்தில், ஆயிலுக்கு மேலே இருந்தது. சரியாக ஊற்றிய டேங்கில் இந்த வழி இல்லை. ஆனால் 42 செ.மீ. வரை நிரம்பிய அன்று அந்த வாயும் மூழ்கித்தான் இருந்திருக்கும். அளவு மிஞ்சியதே இன்னொரு வழியைத் திறந்துவிட்டது.

இரண்டாவது, அழுத்த அடுக்கின் கியருக்குள் புகுந்து, ஃபில்டர், இன்ஜினுக்குள் ஆயில் ஓடும் வழியான கேலரி தாண்டி, பேரிங் இடைவெளிகள் வழியாகச் சொட்டுவது. மூன்றாவது, பம்ப்புக்குள்ளேயே ஷாஃப்ட்டை ஒட்டி அழுத்த அடுக்கிலிருந்து ஸ்கேவெஞ்ச் அடுக்குக்கு நழுவி, அங்கிருந்து உறிஞ்சு குழாய் வழியாகச் சம்ப்புக்கு வருவது.

இரண்டையும் பிரிக்க, மறுநாள் அதே போல் சூடாக்கி நிறுத்தியதும் பம்ப்பின் அழுத்த வெளியேற்றக் குழாயைக் கழற்றி மூடி போட்டோம். இப்போது மூன்றாவது வழி மட்டுமே மிச்சம். 12 மணி நேரத்தில் 12 செ.மீ. இறங்கியது. பாதிக்கு மேல் பம்ப்புக்கு உள்ளேயே நடக்கிறது என்று தெரிந்தது. இரண்டு இரவின் எண்களையும் நேராகக் கழிக்கக் கூடாது, ஏனென்றால் மட்டம் மெதுவாக இறங்கினால் அழுத்தமும் நீண்ட நேரம் நிற்கும். ஆனாலும் முடிவெடுக்க இது போதும்.

இதைத் தள்ளும் விசை எவ்வளவு சின்னது என்று பாருங்கள். டேங்கில் 28, அதற்குக் கீழே பம்ப் வரை 25, ஆக 53 செ.மீ. உயர ஆயில் தரும் அழுத்தம் 0.05 பாருக்கும் கீழே. ஓடும்போது பம்ப் தருவதில் நூறில் ஒரு பங்குதான். ஆனால் அதற்கு இரவு முழுக்க நேரம் இருக்கிறது. எங்கள் ஊர் வெயிலும் அதற்குத் துணை. நாங்கள் ஊற்றும் 15டபிள்யூ-50 ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏழு மடங்கு கெட்டி. நிறுத்திய முதல் ஒரு மணி நேரத்தில் பாதி இறங்கியது ஆயில் சூடாக, நீர்த்து இருந்ததால். குளிர் நாட்டில் இரவில் ஆயில் இன்னும் பல மடங்கு கெட்டியாகி, கசிவு ஏறக்குறைய நின்றுவிடும். புதுச்சேரியில் கத்திரி வெயில் காலத்து ராத்திரியில் பட்டறைக்குள் 30 டிகிரிக்குக் கீழே போவதே அரிது.

பம்ப்பைப் பிரித்தோம். அடுக்குகளுக்கு நடுவே ஷாஃப்ட்டைப் பிடிக்கும் சீல் கல் போல இறுகி, உதடு விரிந்திருந்தது. அழுத்த அடுக்கில் கியரின் பக்கவாட்டு இடைவெளி ஃபீலர் கேஜில் 0.10 மி.மீ. நாங்கள் வைக்க விரும்புவது 0.05. இரண்டு மடங்குதானே என்று விட்டுவிடக் கூடாது. ஒடுங்கிய இடைவெளியில் கசியும் அளவு, இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இரு மடங்கு இடைவெளிக்கு எட்டு மடங்கு கசிவு. ஐட்லிங் அழுத்தம் 2 பாரிலிருந்து 1.2க்கு இறங்கியதும் இதே தேய்மானத்தால்தான். இரவில் கீழ்நோக்கிக் கசியும் அதே வழியில் பகலில் அழுத்தமும் கசிந்துகொண்டிருந்தது. அந்த மீட்டரைச் சீசனின் பாதியிலேயே நம்பியிருக்க வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

உரிமையாளருக்கு ஒரே தீர்வுதான் மனதில் இருந்தது. டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவே ஒரு பால் வால்வ். இரவில் மூடு, காலையில் திற. "இருநூறு ரூபாய் வால்வுல முடியிற வேலைக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்க?" என்றார். பழைய நார்ட்டன், வெலோசெட் பைக் வைத்திருப்பவர்கள் இப்படி வால்வ் போடுவது உண்டு, அது அவருக்கும் தெரிந்திருந்தது. கசிவு முழுதாக நிற்கும் என்பதிலும் அவர் சொன்னது சரி.

நான் மறுத்தேன். அந்த வால்வ் மூடியிருக்கும்போது இன்ஜின் கிளம்பினால் பம்ப்புக்கு ஒரு சொட்டு வராது, பேரிங் சில வினாடியில் போய்விடும். பந்தயம் தொடங்கும் வரிசையான கிரிட்டுக்கு அழைக்கும் நேரத்தில் நான்கு பேரும் நான்கு வேலையில் இருப்போம். அதே பைக்காரர்களில் வால்வைத் திறக்க மறந்து இன்ஜினை இழந்தவர்களும் உண்டு. வால்வ் முழுதாகத் திறந்தால் மட்டும் இக்னிஷன் வரும்படி மைக்ரோ சுவிட்ச் வைக்கலாம் என்று வயரிங் பார்க்கும் நண்பர் சொன்னார். அது நல்ல யோசனைதான். ஆனால் சூட்டிலும் அதிர்விலும் அந்தச் சுவிட்ச் ஓடும்போதே அறுந்தால் நடுத்தடத்தில் கார் நிற்கும். அவரும் நானும் ஒரு மாலை முழுக்கப் பேசினோம். கடைசியில் உரிமையாளரிடம் நான் சொன்னது இதுதான்: "சார், ராத்திரி மூணு லிட்டர் எறங்கினா காலைல ஏத்திக்கலாம். வால்வத் தெறக்க மறந்தா ஏத்துறதுக்கு இன்ஜினே இருக்காது." அவர் ஒப்புக்கொண்டார், முழு மனதோடு இல்லை.

உறிஞ்சும் பக்கம் ஒருவழி வால்வ் போடலாம் என்பதையும் யோசித்து விட்டுவிட்டோம். அந்தப் பக்கம் ஆயிலைத் தள்ள இருப்பது காற்றழுத்தமும் கொஞ்சம் உயரமும்தான். அங்கே எந்தத் தடை வைத்தாலும் உயர் வேகத்தில் பம்ப்புக்குள் குமிழி உருவாகும். அழுத்தப் பக்கம் அப்படியல்ல. 4.5 பாரில் 0.15 பார் போனால் ஒன்றும் ஆகாது. அந்த 0.15 பார், இரவில் தள்ளும் 0.05 பாரைத் தடுக்கப் போதும். ஆகவே பம்ப்புக்கும் ஃபில்டருக்கும் நடுவே, முக்கால் அங்குல வாயுள்ள, ஸ்பிரிங் வைத்த ஒருவழி வால்வ் போட்டோம். இது இரண்டாவது வழியை மட்டுமே அடைக்கும். பம்ப்பைச் சரிசெய்யாமல் இதை மட்டும் போட்டிருந்தால் பாதிக்கு மேல் கசிவு அப்படியே இருந்திருக்கும்.

பம்ப்பின் பக்கத்தட்டுகளை சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து லேப்பிங் செய்து, அதாவது தேய்த்துச் சமமாக்கி, இடைவெளியை 0.05க்குக் கொண்டுவந்தோம். சீல்களைச் சென்னை பாரிமுனையில் தேடி, சூடு தாங்கும் வைட்டான் ரப்பரில் வாங்கினோம்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது நான்காவது முடிவு. ஆயில் மட்டத்தை எப்போது பார்ப்பது என்பது. ஆயில் 80 டிகிரிக்கு மேல், கார் சமதளத்தில், இன்ஜின் 1,200 ஆர்.பி.எம்.மில் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே பார்க்க வேண்டும். நின்ற இன்ஜினில் ஸ்கேலை விடவே கூடாது. இது நாங்கள் கண்டுபிடித்த புதுமை ஒன்றுமில்லை. 1998 வரை வந்த காற்றால் குளிரும் போர்ஷே 911 கார்களும் டிரை சம்ப்தான், அவற்றிலும் சூடான இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போதுதான் ஆயில் பார்க்க வேண்டும். டேங்க் மூடியின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, "இன்ஜின் ஓடாமல் ஊற்றாதே" என்று எழுதினோம். எவ்வளவு ஊற்றினாலும் தேதியோடு நோட்டில் எழுத வேண்டும் என்றும் வைத்தோம்.

கடைசியாகக் காலை வேலை. பந்தய நாளில் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன் பம்ப்பின் பல்பெல்ட்டைக் கழற்றி, பம்ப் ஷாஃப்ட்டை பேட்டரி டிரில்லால் அது ஓடும் திசையிலேயே ஒரு நிமிடம் சுற்றுவோம். மூன்று அடுக்கும் ஒரே ஷாஃப்ட் என்பதால், சம்ப்பில் இறங்கியது டேங்குக்கு ஏறும், அதே நேரம் பேரிங்குகளுக்கும் ஆயில் போய்விடும். மீட்டரில் 2 பார் காட்டியதும் பெல்ட்டை மாட்டி, இழுவிசை பார்த்து, பிறகுதான் ஸ்டார்ட்டர்.

பிறகு நடந்தது

சரிசெய்த பின் அதே இரவுச் சோதனையில் 12 மணி நேரத்தில் இறங்கியது 4 செ.மீ., அதாவது 0.7 லிட்டர். முழுதாக நிற்கவில்லை, நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. சூடான ஐட்லிங் அழுத்தம் 1.9 பாருக்குத் திரும்பியது. காலைப் புகை இரண்டு மூன்று வினாடியில் கலைந்தது.

அடுத்த இரண்டு பந்தய வார இறுதியிலும் கேட்ச் கேனில் 150 மி.லி.யைத் தாண்டவில்லை. நோட்டு வைத்ததால் இன்னொன்றும் தெரிந்தது. இன்ஜின் உண்மையாகக் குடிக்கும் ஆயில் ஒரு வார இறுதிக்கு 300 மி.லி. அளவுதான். அதற்கு முன் அந்த எண்ணைக் கேட்டிருந்தால் எங்களில் ஒருவரும் சொல்லியிருக்க முடியாது.

மூன்றாவது முறை கிளம்புவதற்கு முந்தைய இரவுச் சோதனையில் 11 செ.மீ. இறங்கியது. பம்ப் போய்விட்டதோ என்று கலங்கினோம். ஒருவழி வால்வைக் கழற்றினால், அதன் இருக்கையில் நகத்தளவு சிலிக்கான் பேஸ்ட் துணுக்கு சிக்கி, வால்வ் முழுதாக மூடாமல் நின்றது. சம்ப்பை மாட்டும்போது நான் அளவுக்கு மேல் தடவிய பேஸ்ட், உள்பக்கம் பிதுங்கி, உரிந்து, டேங்க் வரை சுற்றி வந்து அங்கே உட்கார்ந்திருக்கிறது. வால்வ் ஃபில்டருக்கு முன்னால் இருப்பதால் அதைப் பிடிக்க எதுவும் இல்லை. திறந்த நிலையில் சிக்கியதால் இரவுக் கசிவோடு போயிற்று. வால்வ் அசையவிடாமல் மூடிய நிலையில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து, சம்ப்பை மறுபடி இறக்கி, பேஸ்ட்டை முழுக்கச் சுரண்டி எடுத்து, வெட்டிய கேஸ்கட் போட்டோம். உறிஞ்சு குழாய்களின் வாயில் நுண்ணிய வலை வைத்தோம். பம்ப்பைச் சரிசெய்தது வீண்போகவில்லை என்பதும் அன்று தெரிந்தது. வால்வே வேலை செய்யாத இரவிலும் பழைய 19 செ.மீ. திரும்ப வரவில்லை.

ஹெல்ப்பர் அந்த சீசன் முடிவதற்குள் டேங்க் பொறுப்பை முழுதாக எடுத்துக்கொண்டான். ஒருமுறை உரிமையாளரே மூடியைத் திறந்து, "என்னடா, ஆயில் கீழ இருக்கு" என்றார். "சார், இன்ஜின் ஓடல. ஓடும்போது பாருங்க" என்று மூடியை வாங்கி மாட்டினான்.

இன்று செய்தால் எதை மாற்றுவேன்

பழைய காராக டிரை சம்ப் வண்டி வந்தால், ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஓர் இரவு நிறுத்தி, சூட்டில் ஒரு அளவு, காலையில் ஒரு அளவு எடுப்பேன். ஸ்கேலும் குடுவையும் போதும், செலவு ஒன்றும் இல்லை. வால்வ் சீலுக்காக ஹெட் இறக்கிய கூலியும், நான்கு ஜோடி பேரிங்கும், ஒரு வார இறுதியும் மிஞ்சியிருக்கும்.

டேங்கை 10 செ.மீ.யாவது இறக்கி வைப்பேன். தரைத்தகட்டை வெட்டி அடிப்பெட்டி செய்ய வேண்டும் என்பதால் அப்போது தள்ளிப்போட்டோம். இறக்கினாலும் டேங்க் பம்ப்பைவிட மேலேதான் இருக்கும், உறிஞ்சுவதற்குக் குறை வராது. இரவில் தள்ளும் உயரம் மட்டும் குறையும்.

டேங்கின் பக்கத்தில் வெளியே தெரியும் ஒரு கண்ணாடிக் குழாய் மட்டங்காட்டி வைப்பேன். மூடியைத் திறக்கும்போது தூசி விழும், கை தானாக ஆயில் கேனைத் தேடும். வால்வ் முழுதாக மூடிச் சிக்கினாலும் இன்ஜின் பிழைக்க, மீட்டருக்கு ஆயில் எடுக்கும் இடத்தை வால்வுக்குப் பின்னால் வைத்து, 1.5 பாருக்குக் கீழே போனால் இக்னிஷனை அறுக்கும் ரிலேயை அதோடு சேர்ப்பேன். எங்கள் காரில் மீட்டர் பம்ப்பிலேயே இருந்தது. வால்வுக்கு அப்பால் ஆயில் போகிறதா என்பதை அது காட்டாது. சிலிக்கான் துணுக்கைக் கண்ட அன்றே அதை இடம் மாற்றிவிட்டோம், ரிலே இன்னும் போடவில்லை. அடுத்த முறை இன்ஜின் இறங்கும்போது போடுவதாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.